வாசகர் கேள்வி – பதில்: திருத்தம் கேட்பதும் திருத்தம் சொல்வதும்

வடிவமைப்பு, அச்சு, படப்பிடிப்பு ஆகிய வேலைகளில் இருக்கும் மலையகத்து இளைஞர்களிடமிருந்தும், அவர்களிடம் வேலை கொடுப்பவர்களிடமிருந்தும் வந்த கடிதங்கள் சிலவற்றை இவ்விதழில் சேர்த்து எடுத்துக்கொண்டேன். செய்த வேலையை வாடிக்கையாளரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு, திருத்தி, முடிவுக்குக் கொண்டுவரும் அந்தச் சில நாட்களில்தான் எல்லாருக்கும் சிக்கல் வந்திருக்கிறது. ஹட்டனில் 20 ஆண்டுகளுக்கு மேலாக அச்சகத்திலும் டிசைன் மேசையிலும் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து டிசைன் கடை ஒன்றை நடத்துகிறோம். பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸை பதினொரு பிரதிகள் செய்து காட்டிவிட்டோம். கமிட்டியில் ஏழு பேர். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றுகிறார். செய்த பிரதிகளை இத்துடன் அனுப்பியிருக்கிறோம். கூலி முதல் பிரதிக்குப் பேசிய கூலிதான். இதற்கு என்ன வழி?
– கொட்டகலை வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய பதினொரு பிரதிகளையும் வரிசையாக மேசையில் பரப்பிப் பார்த்தேன். பத்து மாற்றங்கள். அம்மன் படம் இரண்டு தடவை மாறியிருக்கிறது, பின்னணி நிறம் ஒரு தடவை மாறியிருக்கிறது, மீதி ஏழு தடவையும் மாறியது உபயகாரர்களின் பெயர் வரிசை. அதாவது கமிட்டியினர் உங்கள் டிசைனைப் பற்றிப் பேசவே இல்லை. எந்த டிவிஷனின் பெயர் முதலில் வருவது, யார் பெயருக்கு முன்னால் ‘திரு’ போடுவது என்ற தங்களுக்குள்ளான பேச்சை உங்கள் கணினித் திரையில் வைத்து நடத்தியிருக்கிறார்கள். அது அவர்களுக்கு முக்கியமான பேச்சுத்தான், அதைக் குறைவாக எண்ண வேண்டாம். ஒரு தோட்டத்தில் உபயகாரர் பெயர் தவறிப்போனால் அடுத்த வருடத் திருவிழா வரை அந்தக் கசப்பு இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு முடிந்த பிறகே உங்கள் வேலை தொடங்கியிருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த தடவை முதலில் படமும் நிறமும் இல்லாத வெள்ளைத் தாள் ஒன்றைத் தயார் செய்யுங்கள். கொடியேற்றம், பாற்குடம், தேர்பவனி, அன்னதானம் ஆகியவற்றின் நாளும் நேரமும், உபயகாரர் பெயர்களும், நன்றியுரையும் அதில் வெறும் எழுத்தாக மட்டும் இருக்கட்டும். தலைவரும் செயலாளரும் அந்தத் தாளில் கையொப்பம் இட்ட பிறகுதான் டிசைனைத் திறக்க வேண்டும். படத்தையும் எழுத்தையும் ஒன்றாகக் காட்டினால் எல்லாருடைய கண்ணும் முதலில் அம்மன் படத்துக்குத்தான் போகும். பெயர்கள் மூன்றாம் நாள், வீட்டில் மனைவி வாசித்துச் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வரும்.

அடுத்தது, ஏழு பேரின் கருத்தும் ஒருவர் வழியாக வர வேண்டும். தலைவரிடம் போய் ‘ஒருவர் மட்டும் பேசுங்கள்’ என்று சொல்வது மரியாதைக் குறைவாகப் படும் என்று நீங்கள் தயங்கியிருப்பீர்கள். அதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஐயா, எல்லாருடைய கருத்தும் எங்களுக்கு வேண்டும். ஒன்றும் தவறிப்போகாமல் இருக்க, செயலாளர் எல்லாவற்றையும் கேட்டு ஒரே தாளாக எழுதித் தந்தால் வியாழக்கிழமை மாலை 6 மணிக்குள் திருத்தி அனுப்பிவிடுவோம்.” எந்தக் கமிட்டியும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை, ஏனென்றால் இதில் யாருடைய பேச்சும் மறுக்கப்படவில்லை. ஒருவருக்கொருவர் முரணான கருத்துகள் வந்தால் அவற்றைத் தீர்ப்பது அவர்கள் கூட்டத்தில் நடக்கும். உங்கள் கடை வாசலில் நடக்காது.

சொல்லப்பட்டதை எழுதி வைப்பதையும் ஒரு வழக்கமாக்குங்கள். மலையில் கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டும் நிறையை அந்த இடத்திலேயே எழுதுகிறார்கள், பறித்தவரும் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அப்படிப் பார்த்து எழுதியதைப் பற்றியே சில நாட்களில் பிணக்கு வருகிறது என்றால், மாலையில் நினைவிலிருந்து எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கடைக்கு தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி, இலக்கம், திகதி, சொன்னவர், சொன்னது, நாங்கள் செய்தது என்று ஐந்து கோடு போடுங்கள். தொலைபேசியில் சொன்னதையும் கடை வாசலில் நின்று சொன்னதையும் அதில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பி, “இந்த ஆறு திருத்தங்களும் சரிதானே?” என்று கேட்டுவிட்டுத் திருத்தத் தொடங்குங்கள். கோப்புகளுக்கும் ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசி 2’ என்று பெயர் வைக்காமல், வேலையின் பெயர், பிரதி இலக்கம், திகதி என்ற ஒழுங்கில் பெயர் வையுங்கள். நீங்கள் அனுப்பிய பிரதிகளில் இரண்டின் பெயர் ‘பைனல்’. எது பிந்தியது என்று உபயகாரர் பெயர் வரிசையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் “ஏதோ ஒன்று குறைகிறது”, “இன்னும் எடுப்பாக வேண்டும்” என்கிறார்கள். என்ன குறைகிறது என்று கேட்டால் “அது உங்களுக்குத்தானே தெரிய வேண்டும்” என்கிறார்கள். இவர்களிடம் எப்படிக் கருத்து வாங்குவது?
– நுவரெலியா வாசகர்

பதில்: அவர் சொல்வது பொய்யல்ல, அவருக்கு ஏதோ குறைவாகத்தான் தெரிகிறது. அதைப் பெயர் சொல்லிக் காட்டும் பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். உடம்பு சரியில்லை என்று வருபவரிடம் என்ன வருத்தம் என்று வைத்தியர் அவரையே சொல்லச் சொல்வதில்லை. எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, சாப்பிட்ட பிறகா முன்னா என்று கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார். நம் தொழிலிலும் அந்தக் கேள்விகளைக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தது ஒரு தேயிலைப் பக்கெட். சிறிய அளவில் தேயிலை பொதி செய்து விற்கும் ஒருவர், 200 கிராம் பக்கெட்டுக்கு லேபல் செய்யத் தந்தார். மூன்று தடவை காட்டினோம், மூன்று தடவையும் “எடுப்பாக இல்லை” என்றார். நாங்கள் எழுத்தைத் தடிப்பாக்கினோம், பொன்னிறக் கோடு சேர்த்தோம், கொழுந்தின் பச்சையை இன்னும் ஆழமாக்கினோம். நான்காவது தடவை திரையில் காட்டாமல், லேபலை உண்மை அளவில் அச்சிட்டு வெட்டி, பழைய பக்கெட் ஒன்றின் மேல் ஒட்டி, அவரையும் கூட்டிக்கொண்டு நகரத்துப் பலசரக்குக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரரிடம் கேட்டு, மற்றத் தேயிலைப் பக்கெட்டுகளுக்கு நடுவில் அதை வைத்துவிட்டு, சாமான் வாங்குபவர் நிற்கும் இடத்தில் இருவரும் நின்றோம். ஆறடி தூரம் இருக்கும். தட்டில் இருந்த ஏழெட்டுப் பக்கெட்டுகளும் பச்சை, எங்களுடையதும் பச்சை. பொன்னிறக் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது, பெயரை வாசிக்க முடியவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி அந்தத் தட்டைக் காட்டினார். அவர் மூன்று வாரமாகச் சொல்ல முடியாமல் இருந்தது அதைத்தான். அன்று மாலையே பின்னணியை வெளிர் மஞ்சளாக்கி, பெயரை இரண்டு மடங்கு பெரிதாக்கி, ‘பி.ஓ.பி.எஃப்.’ என்ற தேயிலைத் தர எழுத்துகளைக் கீழே இறக்கினோம். மறுநாள் ஒரே பார்வையில் சரி என்றார்.

அதன் பிறகு நான் யாரிடமும் “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு மரியாதைக்காக ‘ஆம்’ என்றோ, பொத்தாம்பொதுவாக ‘ஏதோ குறைகிறது’ என்றோதான் பதில் வரும். இதை யார் பார்க்கப் போகிறார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார், பார்த்தவுடன் அவர் எதை வாசிக்க வேண்டும், வாசித்தபின் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை வேலை தொடங்கும் முன்னரே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிசைனைக் காட்டும்போது அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்து, “கடையில் ஆறடி தூரத்திலிருந்து பெயர் தெரிய வேண்டும் என்றீர்கள், இப்போது தெரிகிறதா?” என்று கேளுங்கள். அப்போது அவர் தன் விருப்பத்தை மட்டும் பார்த்துப் பேசாமல், தன் வியாபாரத்தைப் பார்த்துப் பேசுவார். காட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். பதாகையைக் கைபேசியில் காட்டிக் கருத்துக் கேட்காதீர்கள். குறைந்தது அது தொங்கப்போகும் சுவரைப் படம் பிடித்து அதில் பொருத்திக் காட்டுங்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாத் திருத்தமும் ரசனை சார்ந்ததல்ல. அந்தத் தேயிலைக்காரர், பட்டைக் குறியீட்டை லேபலின் நிறத்துக்குப் பொருத்தமாகச் சிவப்பில் போடச் சொன்னார். கடைகளில் உள்ள ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் வேலை செய்வதால் வெள்ளையில் இருக்கும் சிவப்புக் கோடு அவற்றுக்குத் தெரியாது. கறுப்பில் இருந்தால் 479 என்று தொடங்கும் நம் நாட்டு இலக்கம் வாசிக்கப்படும். சிங்க இலச்சினையையும் கேட்டார். அது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட பக்கெட்டுகளில், சபையின் அனுமதியோடுதான் போடலாம். இப்படிப்பட்ட இடங்களில் “நீங்கள் சொன்னால் சரி” என்று தலையாட்டுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம். காரணத்தைச் சொல்லி மறுத்தால் அவர் மனம் கோணமாட்டார். மற்ற விடயங்களில் உங்கள் சொல்லை நம்பத் தொடங்குவார்.

கேள்வி: எத்தனை தடவை இலவசமாகத் திருத்திக் கொடுக்கலாம்?
– தலவாக்கலை வாசகர்

பதில்: இரண்டு சுற்று என்று முற்பணம் வாங்கும்போதே ரசீதில் எழுதிவிடுங்கள். ஒரு சுற்று என்பது ஒரு தடவையில் ஒன்றாக எழுதித் தரப்பட்ட திருத்தங்கள் அனைத்தும். அதில் மூன்று இருந்தாலும் முப்பது இருந்தாலும் ஒரு சுற்றுத்தான். நீங்கள் விட்ட பிழையை எப்போது கண்டுபிடித்தாலும் இலவசமாகத் திருத்துங்கள், அது கணக்கில் வரக் கூடாது. அவர் மனம் மாறி வேறொன்று கேட்டால் மூன்றாம் சுற்றிலிருந்து பணம் வாங்குங்கள். எவ்வளவு என்பதையும் முன்னரே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் வேலை முடிந்த பிறகு சொல்லப்படும் தொகை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் தண்டப் பணமாகத்தான் தோன்றும்.

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு மூன்று மொழியில் பெரிய பதாகை செய்தோம். பொறுப்பாக இருந்த அதிகாரி பார்த்து “ஓகே” என்று அனுப்பிய பிறகே அச்சிட்டோம். மாட்டிய பிறகு தமிழில் நான்கு பிழைகள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாம். நட்டத்தை யார் ஏற்பது?
– பதுளை வாசகர்

பதில்: நட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் பேருந்து நிலையத்திலும் அலுவலக வாசலிலும் நம் மொழி உடைந்துபோய்த் தொங்குவதைப் பார்த்து நாம் எல்லாரும் மனம் நொந்திருக்கிறோம். அந்தப் பலகைகளையும் யாரோ ஒருவர் பார்த்து “ஓகே” என்று சொல்லித்தான் இருப்பார். தமிழ் வாசிக்கத் தெரிந்த வடிவமைப்பாளர் ஒருவரின் கையால், பதுளையில், அப்படி ஒரு பதாகை வெளியே போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அனுமதி வாங்கும் முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அந்தப் பிழைகள் போயிருக்கின்றன.

ஒரு மொழிக்கான அனுமதியை அந்த மொழியை வாசிப்பவர்தான் தர முடியும். ஆகவே மும்மொழி வேலையை ஏற்கும்போதே, சிங்களத்தைப் பார்ப்பவர் யார், தமிழைப் பார்ப்பவர் யார், ஆங்கிலத்தைப் பார்ப்பவர் யார் என்று மூன்று பெயர் கேட்டு வாங்குங்கள். அந்த நிறுவனத்தில் தமிழ் வாசிப்பவர் இல்லையென்றால், வெளியே ஓர் ஆசிரியரிடம் கூலி கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று மதிப்பீட்டிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நீங்களே தட்டெழுதியதை நீங்களே பார்ப்பது போதாது. கண் தான் எழுத நினைத்ததைத்தான் வாசிக்கும்.

தமிழில் பிழை புகும் வழிகள் எவை என்று தெரிந்திருந்தால் தேடுவது சுலபம். நம் அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துரு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ‘ர’ ஒரு விசை, துணைக்கால் வேறொரு விசை. அவசரத்தில் துணைக்காலுக்குப் பதிலாக ‘ர’ விழுந்தால் ‘அம்மா’ என்பது ‘அம்மர’ ஆகிவிடும். கைபேசித் திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பத்தடிப் பதாகையில் ‘ர’வின் கால் நீண்டு தொங்கும்போதுதான் தெரியும். நானே ஒரு தடவை திருமண அழைப்பிதழில் இதைத் தவறவிட்டு, 300 அட்டைகளையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். யூனிகோடில் வேலை செய்பவர்களுக்கு வேறு தொல்லை உண்டு: மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால், ‘பொங்கல்’ என்ற சொல்லின் கொம்பு ‘ப’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தெரிவு செய்தால் சரியாகும். பாமினியில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகும், கோப்பை வேறொரு கணினியில் திறந்த பிறகும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் பாமினித் தமிழும் எஃப்.எம். அபயாச் சிங்களமும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். மூன்று மொழியும் சரி என்று கையொப்பம் வந்த பிறகே எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது வெறும் கோட்டுப் படமாக, மாற்றி அச்சுக்கு அனுப்புங்கள், ஏனென்றால் மாற்றிய பிறகு அதில் ஓர் எழுத்தைக்கூடத் தட்டெழுதித் திருத்த முடியாது.

வாசிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இருவர் உட்கார வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் புரூப்பில், அதாவது சரிபார்க்க எடுத்த மாதிரித் தாளில், பென்சிலை எழுத்தெழுத்தாக நகர்த்த வேண்டும். பெயர், திகதி, கிழமை, தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கையும் தனியாக இன்னொரு தடவை பாருங்கள். திகதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தே பார்த்துவிடுங்கள்.

இனி நட்டம். இந்தத் தடவை தட்டெழுதியவர் நீங்கள், அனுமதித்தவர் அவர். முன்னரே எழுதிக்கொண்ட ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது பாதிக்குப் பாதி என்று பேசித் தீர்த்துக்கொள்வதே நல்லது. அடுத்த தடவையிலிருந்து, ‘கீழே கையொப்பமிட்டவர் வாசித்து உறுதிப்படுத்திய பின் காணப்படும் எழுத்துப் பிழைகளுக்கான மறு அச்சுச் செலவு வாடிக்கையாளருடையது’ என்ற வரியை மூன்று மொழியிலும் புரூப்பின் அடியில் போடுங்கள். பணத்தைக் காப்பாற்றுவதைவிட அந்த வரிக்கு வேறொரு பயன் அதிகம்: அதைக் கண்டதும் கையொப்பமிடுபவர் உண்மையிலேயே வாசிக்கத் தொடங்குவார்.

கேள்வி: அண்ணா, நான் வீட்டிலிருந்தபடி கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கும் லண்டனில் ஒருவருக்கும் சமூக ஊடகங்களுக்கான படங்கள் வடிவமைக்கிறேன். எங்கள் லயத்தில் இந்த வேலை செய்வது நான் ஒருத்திதான். “இது சரியில்லை”, “மலிவாகத் தெரிகிறது” என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். அன்று முழுவதும் கை ஓடுவதில்லை. எனக்குத் திறமை இல்லையோ என்று தோன்றுகிறது.
– மஸ்கெலியா வாசகி

பதில்: தங்கச்சி, திறமை இல்லாதவருக்கு இரண்டாம் தடவை வேலை தரமாட்டார்கள், உங்களுக்கு மாதாமாதம் தருகிறார்கள் என்று கடிதத்தின் மறுபக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரியில் எழுதுவது, நாளொன்றுக்கு நூறு செய்திகளுக்குப் பதில் எழுதுபவர்களின் பழக்கம். ஆனால் அது உங்களை நோகடிக்கிறது என்பதும் உண்மை, அதை ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தால் “இதைப் பார், என்ன சொல்கிறார் என்று” எனக் காட்டிச் சிரித்துவிட்டு வேலையைத் தொடரலாம். தனியாக இருப்பவர் அந்த வரியோடு நாள் முழுவதும் இருக்க வேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு செய்தி வந்தால் அந்த மணித்தியாலத்தில் பதில் எழுதாதீர்கள். கொப்பியை எடுத்து, அவர் எழுதியதை உங்கள் சொற்களில் ஒரு கேள்வியாக மாற்றி எழுதுங்கள். ‘மலிவாகத் தெரிகிறது’ என்றால், எழுத்துரு அதிகமாகிவிட்டதா, நிறங்கள் மோதுகின்றனவா, படத்தின் தரம் குறைவா? நீங்கள் அனுப்பியிருந்த மாதிரியைப் பார்த்தேன். ஒரே சதுரத்தில் நான்கு எழுத்துருக்கள் இருக்கின்றன, எல்லா மூலையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அவர் சொல்ல வந்தது அநேகமாக அதைத்தான். உங்கள் இரண்டாவது மாதிரியில் அந்த மழை நாளின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வெற்றிடம் விட்டிருக்கிறீர்களே, அந்தக் கண் உங்களிடம் இருக்கிறது. அதை முதலாவதற்கும் கொண்டுவாருங்கள். பிறகு அவருக்கு, “எழுத்துருவைக் குறைத்து இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்டது இதையா, அல்லது நிறத்தையா?” என்று இரண்டு வரி எழுதுங்கள். தெரிவு செய்ய இரண்டு பதில் கொடுத்தால் எவ்வளவு அவசரக்காரரும் ஒன்றைச் சொல்லிவிடுவார்.

படத்தை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். ஏன் இப்படிச் செய்தேன் என்று ஒரு நிமிடக் குரல் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். லண்டனில் காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30, கோடையில் 1.30, அதற்கு முன் உங்கள் படம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் அவர் கருத்து அன்றே கிடைக்கும், மாலை மழையில் சிக்னல் போய்விடுமோ என்ற பதற்றமும் குறையும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி மங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது. இன்னொரு வேண்டுகோள்: இதே வேலை செய்யும் ஒரு தோழியை, ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ, தேடிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் முன் ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், முதல் கருத்து அன்புள்ள ஒருவரிடமிருந்து வரும், வாடிக்கையாளரிடமிருந்து வருவது இரண்டாவதாகத்தான் இருக்கும்.

கடை நடத்தும் மற்ற வாசகர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் வேலை பழகும் பிள்ளைகளின் டிசைனை வாடிக்கையாளர் முன்னால் வைத்துக் குறை சொல்லாதீர்கள். எந்த இடம் சரியாக வந்திருக்கிறது என்பதைப் பெயர் குறித்துச் சொல்லிவிட்டு, மாற வேண்டியதைக் காரணத்தோடு சொல்லுங்கள். “தள்ளு, நான் செய்கிறேன்” என்று மவுஸைப் பிடுங்கினால் வேலை சீக்கிரம் முடியும். அடுத்த தடவையும் நீங்கள்தான் பிடுங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: திரையில் பார்த்து வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட நிறம் அச்சில் மங்கிவிடுகிறது. சண்டை வருகிறது.
– பண்டாரவளை வாசகர்

பதில்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது, திரையின் பளிச்சென்ற பச்சையையும் நீலத்தையும் நான்கு நிற மையால் எட்ட முடியாது. நிறத்துக்கான அனுமதியைத் திரையில் வாங்காமல், அதே தாளில் எடுத்த மாதிரியில் வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். கடை விளக்கின் கீழ் பார்த்த நிறம் வெளியே போனதும் வேறாகத் தெரியும்.

கேள்வி: நான் மறுபக்கத்தைச் சேர்ந்தவன். சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். விடுதிக்கு இலச்சினையும் பெயர்ப் பலகையும் செய்யும் தம்பியிடம் என்ன சொன்னாலும் அவர் முகம் வாடிவிடுகிறது, நான் கேட்டதும் வருவதில்லை. நான் எப்படிச் சொல்ல வேண்டும்?
– நல்லதண்ணி வாசகர்

பதில்: இப்படிக் கேட்டு எழுதிய முதல் வாடிக்கையாளர் நீங்கள்தான் என்பதால் உங்கள் கடிதத்தைக் கடைசியாக வைத்துப் பொறுமையாக எழுதுகிறேன்.

நீங்கள் அவரிடம் சொன்னவற்றை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள்: எழுத்தைப் பெரிதாக்கு, மலையைச் சிறிதாக்கு, நீலத்தைச் சிவப்பாக்கு. இவை எல்லாம் விடைகள். கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியாது. சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் இரவில் பேருந்திலிருந்து இறங்கும்போது உங்கள் பலகை கண்ணில் படவில்லை, பக்கத்து விடுதிக்குப் போய்விடுகிறார்கள் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் நீலத்தைச் சிவப்பாக்குவதற்குப் பதிலாக, பலகைக்குப் பின்னால் விளக்குப் போட்டு வெள்ளை எழுத்தில் செய்யலாம் என்று யோசித்திருப்பார். இரவில், மூடுபனியில், இருண்ட பின்னணியில் சிவப்பு எழுத்து இன்னும் மங்கலாகத்தான் தெரியும். குறை எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள், மருந்தை அவர் தேடட்டும்.

பிறகு, அவர் காட்டியவுடன் அந்த இடத்திலேயே கருத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. “ஒரு நாள் வைத்திருந்து பார்த்துச் சொல்கிறேன்” என்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலும் விடுதியிலும் காட்டுங்கள். ஆனால் ஐந்து பேர் சொன்னதையும் அப்படியே அனுப்பாமல், எது உங்கள் முடிவு என்று தீர்மானித்து அனுப்புங்கள். கட்டாயம் மாற வேண்டியது எது, முடிந்தால் மாற்றலாம் என்பது எது என்று பிரித்து எழுதினால் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும். பிடித்திருப்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லாவிட்டால் அடுத்த பிரதியில் அதையும் அவர் மாற்றிவிடக்கூடும். அவர் முகம் வாடுவது உங்கள் மேல் உள்ள கோபத்தினால் இருக்காது. இரவு விழித்துச் செய்த வேலையில் எது உங்களுக்குப் பிடித்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது.

யாத்திரைப் பருவகாலம் டிசம்பரில் உந்துவப் போயாவோடு தொடங்குகிறது. பலகை செய்யவும் மாட்டவும் நாள் வேண்டும் என்பதால், டிசைன் ஒக்டோபர் முடிவதற்குள் முடிவாக வேண்டும். இந்த வாரத்தில் ஒரு நாள் இரவு 10 மணிக்கு அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்துக்குப் போய், யாத்திரிகர் இறங்கும் படியில் நின்று, இருவரும் உங்கள் விடுதிப் பக்கம் பாருங்கள். அங்கேயே நின்று, என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று இருவரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதுங்கள். அடுத்த பிரதியை அந்தத் தாளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.